பீர் ஆலையில் பிறந்த டி-டெஸ்ட்: ‘மாணவன்’ என்ற பெயருக்குள் ஒளிந்திருந்த வில்லியம் காசெட் யார்?

சங்கராபுரம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும். இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். புது விதை நெல் போட்ட ஒருவர், ஏக்கருக்கு மூணு மூட்டை கூடக் கண்டதாகச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். அது விதையால் வந்த விளைச்சல் இல்லை, வயல் ஏரிக்கு நேர் கீழே இருக்கிறது, தண்ணீர் தாராளமாகப் பாய்கிறது, அதுதான் காரணம் என்பார். மூன்றாவது ஆள், இந்த வருஷம் மழையே நல்ல மழை என்று முடித்துவிடுவார்.

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த பட்டத்துக்கு எந்த விதையை வாங்குவது? தப்பாக முடிவெடுத்தால் ஒரு வருஷ உழைப்பும், வாங்கிய கடனும் போச்சு. ஆயிரம் வயலில் போட்டுப் பார்க்க வசதி கிடையாது. கையில் இருப்பது நாலைந்து வயலின் கணக்குதான். இவ்வளவு கொஞ்சமான தகவலை வைத்துக்கொண்டு நம்பிக்கையாக ஒரு முடிவுக்கு வர முடியுமா?

முடியும், ஆனால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு என்று கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு பீர் ஆலை ஊழியர். டேட்டா அனலிஸ்ட் வேலை பார்ப்பவர்கள், ஆப்பில் ஏ/பி டெஸ்ட் ஓட்டுபவர்கள், எம்.பி.ஏ. படிப்பவர்கள் எல்லோரும் ‘ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்ற பெயரைக் கடந்து வந்திருப்பீர்கள். அந்த ‘ஸ்டூடன்ட்’ யார் என்று யோசித்ததுண்டா? அவர் பெயர் வில்லியம் சீலி காசெட். வேலை பார்த்த இடம் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் பீர் ஆலை.

ராணுவம் வேண்டாம் என்றது, பீர் ஆலை கூப்பிட்டது

1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் பிறந்தவர் காசெட். அப்பா ராணுவப் பொறியாளர் படையில் கர்னல். மூத்த மகனும் அதே படைக்குப் போவதாகத்தான் திட்டம். ஆனால் கண் பார்வை சரியில்லை என்று ராணுவம் அவரைத் தள்ளிவிட்டது.

வின்செஸ்டர் பள்ளியில் உதவித்தொகையோடு படித்தார். பிறகு ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜ். அங்கே கணிதத்தில் முதல் வகுப்பு, 1899-ல் வேதியியலிலும் முதல் வகுப்பு. இரண்டும் தெரிந்த ஆளுக்கு அன்றைக்கு ஓர் அபூர்வமான இடத்தில் வேலை காத்திருந்தது.

கின்னஸ் 1759-ல் தொடங்கப்பட்ட கம்பெனி. 1900-ஐ ஒட்டிய காலத்தில் உலகத்திலேயே பெரிய பீர் ஆலை அதுதான். ஒரு பக்கம் உற்பத்தி மலை மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. இன்னொரு பக்கம், எங்கே வாங்கிக் குடித்தாலும் ருசி ஒன்றாக இருக்க வேண்டும். அனுபவசாலிகளின் மூக்கையும் நாக்கையும் மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது என்று நிர்வாகம் புரிந்துகொண்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளை ‘ப்ரூவர்’ வேலைக்கு எடுக்க ஆரம்பித்தது. அப்படி 1899-ல் டப்ளின் வந்து சேர்ந்தவர்தான் 23 வயது காசெட்.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

கதையைத் தொடர்வதற்கு முன் பீருக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி (இதுதான் மால்ட்), ஈஸ்ட், ஹாப்ஸ். நாலே பொருள்.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. பார்க்க, சின்னப் பச்சைப் பைன் காய் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். கஞ்சா செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் அந்தப் போதை இதில் கிடையாது. நம்ம வெயிலுக்கு ஒத்துவராது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கு மாதிரி குளிர்ப் பகுதிகளில் பயிரிட்டிருக்கிறார்கள்.

இதழ்களுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான பொடி இருக்கும். அந்தப் பிசினில்தான் விஷயமே. அதைக் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும். அதே பிசின் கெட்ட பாக்டீரியாக்களையும் அடக்கி, பீர் புளித்துப் போகாமல் காக்கும். அதனால்தான் கப்பலில் மாதக்கணக்கில் போக வேண்டிய பீரில் ஹாப்ஸை அள்ளிப் போட்டார்கள், ஆல்கஹாலையும் கூட்டினார்கள். இந்தியாவுக்கு அனுப்பிய பேல் ஏல், வெப்ப நாடுகளுக்காக கின்னஸ் தயாரித்த கெட்டியான ஏற்றுமதி ஸ்டவுட் இரண்டும் இந்த வழியில் வந்தவை. இன்றைக்கு பெங்களூரு மைக்ரோப்ரூவரிகளில் ‘ஐபிஏ’ என்று கரும்பலகையில் எழுதி வைத்திருக்கும் கசப்பான சரக்கு, அந்தப் பேல் ஏலின் வாரிசுதான்.

மோந்து பார்த்தால் போதாதா?

அந்தக் காலத்தில் ஹாப்ஸ் வாங்கும் முறை நம்ம ஊர் மஞ்சள் மண்டியை ஞாபகப்படுத்தும். மூட்டையில் இருந்து ஒரு கை எடுப்பார்கள். உள்ளங்கையில் வைத்துக் கசக்குவார்கள். மோந்து பார்ப்பார்கள். நிறம், பிசுபிசுப்பு, வாசனை, அவ்வளவுதான். விலை முடிந்துவிடும்.

கின்னஸ் ஒவ்வொரு வருஷமும் லட்சக்கணக்கான பவுண்டு ஹாப்ஸ் வாங்கிய கம்பெனி. ஒரு கை கசக்கலில் தவறு நடந்தால் நஷ்டமும் அதே அளவில் இருக்கும். எனவே ஆலையின் விஞ்ஞானிகள், ஹாப்ஸில் உள்ள மென்மையான பிசினின் அளவை வேதியியல் முறையில் அளக்கத் தொடங்கினார்கள். காசெட் வருவதற்கு முன்பே தாமஸ் கேஸ் என்பவர் இதைத் தொடங்கியிருந்தார்.

அங்கேதான் சிக்கல். ஒரே சரக்கில் இருந்து சில மாதிரிகளை எடுத்து ஒருவர் அளந்தால் ஒரு சராசரி வருகிறது. இன்னொருவர் அளந்தால் கொஞ்சம் வேறு சராசரி. இந்த வித்தியாசம் ஹாப்ஸில் இருக்கிறதா, அளந்த விதத்தில் இருக்கிறதா, இல்லை வெறும் தற்செயலா? அன்றைக்கு இருந்த புள்ளியியல் இதற்குப் பதில் சொல்லவில்லை. அது பெரிய எண்ணிக்கைகளுக்காக உருவான கணக்கு. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான அளவீடுகள் இருந்தால்தான் செல்லுபடியாகும். ஆலையிலோ ஒரு சோதனைக்கு நாலைந்து மாதிரிக்கு மேல் நேரமும் இல்லை, காசும் இல்லை.

1904: ஆலைக்குள் ஒரு ரகசிய அறிக்கை

கணக்கு தெரிந்தவர் என்பதால் மற்ற ப்ரூவர்கள் குழப்பமான எண்களை எடுத்துக்கொண்டு காசெட்டிடம்தான் வருவார்கள். 1904-ல் அவர் நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அளவீட்டுப் பிழைகளின் விதியை ஆலை வேலையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள்.

அதில் மால்ட்டை உதாரணமாக எடுத்துக்கொண்டார். மால்ட்டில் இருந்து எவ்வளவு சர்க்கரைச் சத்து இறங்குகிறது என்பதை ஒரு குறிப்பிட்ட துல்லியத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். எத்தனை தடவை அளந்தால் போதும்? இரண்டு தடவை அளந்தால், சரியான விடைக்குப் பக்கத்தில் இருப்பதற்கான வாய்ப்பு 4-க்கு 1. மூன்று தடவை என்றால் 7-க்கு 1. நாலு தடவைக்கு 12-க்கு 1. ஐந்துக்கு 19-க்கு 1.

இது ஒரு வியாபாரக் கணக்கும்கூட. ஒவ்வொரு சோதனைக்கும் செலவு உண்டு. எவ்வளவு உறுதி தேவை என்பது, தப்பாகப் போனால் எவ்வளவு நஷ்டம் என்பதைப் பொறுத்தது. இந்தக் கண்ணோட்டத்தைக் காசெட் கடைசி வரை விடவே இல்லை.

சைக்கிளில் போய்ச் சந்தித்த குரு

தன் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பது காசெட்டுக்குத் தெரியும். மாதிரி குறையக் குறைய, பழைய சூத்திரங்கள் அளவுக்கு மீறிய நம்பிக்கையைக் கொடுத்தன. இதைப் பற்றிக் கேட்க அன்றைய புள்ளியியல் ஜாம்பவான் கார்ல் பியர்சனைத் தேடிப் போனார். 1905 ஜூலையில், விடுமுறைக்கு இங்கிலாந்து வந்திருந்த காசெட், சுமார் 20 மைல் சைக்கிள் மிதித்துப் பியர்சன் தங்கியிருந்த கிராமத்துக்குப் போனார். அரை மணி நேரப் பேச்சில் நிறையத் தெளிவு கிடைத்தது.

அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம். மனைவி மார்ஜரி. அதே 1906-ல் கின்னஸ் அவரைச் சம்பளத்தோடு லண்டனுக்கு அனுப்பியது. பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து படிப்பதுதான் வேலை. இன்றைய கார்ப்பரேட் பாஷையில் சொன்னால் ‘ஸ்டடி லீவ்’.

அங்கே எழுதிய முதல் கட்டுரை ஈஸ்ட் பற்றியது. ஈஸ்ட் குறைந்தால் நொதித்தல் முழுமையாகாது. கூடினால் ருசி கெடும். நுண்ணோக்கியின் கீழ், கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டை விட்டு, கட்டத்துக்கு எத்தனை செல் என்று எண்ண வேண்டும். ஒரு சொட்டை எண்ணி ஒரு தொட்டியைப் பற்றி முடிவெடுக்கும் வேலை இது. அதில் எவ்வளவு பிழை வரும் என்பதை 1907-ல் வெளியான அந்தக் கட்டுரை கணக்கிட்டுக் காட்டியது.

3,000 கைதிகள், 750 சீட்டுக்கட்டுகள்

அதற்கு அடுத்த வருஷம் வந்ததுதான் உலகத்தை மாற்றிய கட்டுரை. சின்ன மாதிரிகளின் சராசரியில் எவ்வளவு பிழை இருக்கும் என்று அதில் காட்டினார். சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் முழுமையான கணித நிரூபணம் கையில் இல்லை. அப்படியானால் அது சரி என்று எப்படிச் சோதிப்பது?

கம்ப்யூட்டர் இல்லாத காலம். காசெட் செய்த வேலையைப் பாருங்கள். இங்கிலாந்துச் சிறைக் கைதிகள் 3,000 பேரின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அடங்கிய பட்டியல் ஒன்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. அதை 3,000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். நாலு நாலாகப் பிரித்தார். 750 குட்டி மாதிரிகள் கிடைத்தன. ஒவ்வொன்றுக்கும் சராசரி, அதன் விலகல் என்று கையாலேயே கணக்குப் போட்டார். வந்த விடைகளின் பரவல், அவர் சூத்திரம் சொன்னதோடு நன்றாகவே ஒத்துப்போனது.

இன்று டேட்டா சயின்ஸ் வகுப்பில் ‘சிமுலேஷன்’ என்று நாலு வரி கோடு எழுதி ஓட்டுகிறோம் அல்லவா? அதை 1908-ல் அட்டைகளைக் கலைத்துச் செய்து காட்டிவிட்டார் மனிதர்.

பெயரை ஏன் மறைத்தார்?

முன்பு ஓர் ஊழியர் எழுதிய கட்டுரையால் தொழில் ரகசியம் வெளியே போனதாகச் சொல்வார்கள். அதன் பிறகு ஊழியர்கள் எதையும் பிரசுரிக்கக் கின்னஸ் தடை போட்டிருந்தது. காசெட்டுக்குச் சலுகை கிடைத்தது, ஆனால் நிபந்தனையோடு. கம்பெனி பெயர் வரக்கூடாது, பீர் என்ற பேச்சு வரக்கூடாது, சொந்தப் பெயரும் வரக்கூடாது.

அதனால் ‘ஸ்டூடன்ட்’, அதாவது மாணவன் என்று கையெழுத்திட்டார். சின்ன மாதிரியை வைத்துத் தரம் பார்க்கும் வித்தை தன்னிடம் இருக்கிறது என்பதைப் போட்டியாளர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று கம்பெனி நினைத்தது. புள்ளியியல் வட்டத்தில் இருந்த சிலருக்கு ஆள் யாரென்று தெரியும். வெளியுலகத்துக்கு, கடைசி வரை அவர் பெயரில்லாத மாணவன்தான்.

சரி, டி-டெஸ்ட் என்னதான் செய்கிறது?

நம்ம சங்கராபுரம் நெல்லுக்கே வருவோம். இவை விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள்தான்.

எட்டு வெவ்வேறு விவசாயிகள். நாலு பேர் புது விதை போட்டார்கள். ஏக்கருக்கு 28, 36, 31, 37 மூட்டை. சராசரி 33. மற்ற நாலு பேர் பழைய விதை. 25, 34, 27, 34 மூட்டை. சராசரி 30. மூணு மூட்டை வித்தியாசம். புது விதை ஜெயித்துவிட்டதா?

அவசரப்படாதீர்கள். ஒரே விதைக்குள்ளேயே வயலுக்கு வயல் ஒன்பது மூட்டை வரை ஆடுகிறது. டி-டெஸ்ட் செய்வது இதைத்தான்: சராசரிகளின் வித்தியாசத்தை, எண்களின் இந்த ஆட்டத்தோடு ஒப்பிட்டு வகுத்துப் பார்க்கிறது. இங்கே கிடைக்கும் டி மதிப்பு சுமார் 0.95. விதைகளுக்குள் உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இருப்பதாக ஏமாறுவது நூற்றில் ஐந்து தடவைக்கு மேல் கூடாது என்று வைத்தால், அது சுமார் 2.45-ஐத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. டீக்கடையில் சந்தேகப்பட்டவர் பக்கம்தான் நியாயம்.

இப்போது அதே எண்கள், வேறு ஏற்பாடு. நாலே விவசாயிகள். ஒவ்வொருவரும் தன் வயலை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் புது விதை, ஒரு பாதியில் பழைய விதை. முதல்வருக்கு 28-ம் 25-ம். இரண்டாமவருக்கு 36-ம் 34-ம். அடுத்தவருக்கு 31-ம் 27-ம். கடைசியாக 37-ம் 34-ம். வித்தியாசங்களை மட்டும் எடுங்கள்: 3, 2, 4, 3. எல்லா இடத்திலும் புது விதைதான் முன்னால். ஏரித் தண்ணீர், மண், மழை எல்லாம் இரண்டு பாதிக்கும் பொது என்பதால் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது. இப்போது டி மதிப்பு சுமார் 7.3. தாண்ட வேண்டிய எல்லை சுமார் 3.18. அசத்தலாகத் தாண்டிவிட்டது.

எண்கள் மாறவில்லை. சோதனையை அமைத்த விதம் மாறியது. காசெட்டின் வாழ்நாள் பாடத்தை ஒரு வரியில் அடக்கச் சொன்னால் இதுதான்: பெரிய மாதிரியைத் தேடி ஓடுவதற்கு முன், ஒப்பிடுவதைச் சரியாக ஒப்பிடு.

மூன்று மூட்டை லாபமா?

லண்டனில் இருந்து திரும்பியதும் ஆலையின் சோதனைப் பிரிவு அவர் பொறுப்பில் வந்தது. வேலை வயல்வெளிக்கும் நீண்டது. நல்ல பீருக்கு நல்ல பார்லி வேண்டும் அல்லவா? அயர்லாந்து விவசாயத் துறையோடு சேர்ந்தும், எட்வின் பீவன் என்ற இங்கிலாந்துப் பார்லி நிபுணரோடு சேர்ந்தும் பல வருஷம் வயல் சோதனைகள் நடத்தினார். இரண்டு ரகங்களையும் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக விதைத்து ஒப்பிடும் முறைக்கு அவர் பெரிய ஆதரவாளர்.

கணக்கில் வித்தியாசம் உறுதியாகிவிட்டால் மட்டும் அவருக்குப் போதாது. அந்த வித்தியாசம் எத்தனை பவுண்டு லாபம் என்று அடுத்த கேள்வி கேட்பார். மூணு மூட்டை கூட வருகிறது, சரி. விதைக்கும் உரத்துக்கும் அதைவிட அதிகமாகச் செலவானால்? இந்தக் கேள்வியை மறந்துவிட்டு பி-வேல்யூ 0.05-க்குக் கீழே வந்ததும் பார்ட்டி வைப்பது இன்றைய ஆபீஸ் வியாதி.

பாலைக் குடித்த குழந்தைகள், பாழான சோதனை

காசெட்டின் கூர்மை தெரிய வேண்டுமானால் 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்று சோதித்தார்கள். சாதாரணச் சோதனை இல்லை, 20,000 பிள்ளைகள். 10,000 பேருக்கு நாலு மாதம் தினமும் முக்கால் பைன்ட், அதாவது 400 மில்லிக்குக் கொஞ்சம் மேல் பால். மற்ற 10,000 பேருக்குக் கிடையாது. செலவு சுமார் 7,500 பவுண்டு.

யாருக்குப் பால் என்பதைக் குலுக்கல் மாதிரியான முறையில் பிரித்தார்கள். ஆனால் ஒரு பக்கம் ஊட்டமான பிள்ளைகள் கூடிவிட்டதாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் கொடுத்தார்கள். ஆசிரியர்களும் மனிதர்கள்தானே. எலும்பும் தோலுமாக நிற்கும் பிள்ளைக்குப் பால் இல்லை என்று சொல்ல மனசு வருமா? தெரிந்தோ தெரியாமலோ ஏழைப் பிள்ளைகள் பால் பக்கம் நகர்ந்தார்கள். சோதனை தொடங்கும்போதே பால் கிடைக்காத பிள்ளைகள் சராசரியாக உயரமாகவும் கனமாகவும் இருந்தார்கள்.

1931-ல் காசெட் இதைப் பிரித்துப் போட்டார். இன்னொரு விஷயத்தையும் பிடித்தார். எடை பார்த்தது பிப்ரவரியிலும் ஜூனிலும், உடுப்போடு. குளிர்காலத்தில் வசதியான பிள்ளை கனமான உடுப்பில் வரும். கோடையில் அது குறையும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு காலத்திலும் கிட்டத்தட்ட அதே சட்டைதான். பால் குடிக்காத பக்கம் எடை குறைவாக ஏறியதில் கம்பளிச் சட்டைக்கும் பங்கு இருக்கிறது!

அவருடைய மாற்று யோசனை: 50 ஜோடி ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகள் போதும். ஒருவருக்குப் பால், ஒருவருக்கு இல்லை. 20,000 பேரை விட அது நம்பகமான பதில் தரும், செலவும் சொற்பம். நெல் வயலைப் பாதியாகப் பிரித்த அதே யுக்தி.

சத்துணவும் காலை உணவும் தரும் மாநிலம் நம்முடையது. ஒரு திட்டத்தால் பிள்ளைகள் வளர்ந்தார்களா என்று கேட்கும் ஒவ்வொரு ஆய்வுக்கும் இந்தப் பழைய கதை பாடம்.

சண்டைக்காரர்களுக்கு நடுவே ஒரு நல்ல மனிதர்

1908 கட்டுரையை முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பியர்சனுக்கே பெரிய மாதிரிகள்தான் பிடிக்கும். 1912-ல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ரொனால்ட் ஃபிஷர் என்ற இளைஞர், காசெட்டிடம் இல்லாத கணித நிரூபணத்தை எழுதி அனுப்பினார். பல பரிமாண வடிவியலில் போன அந்த நிரூபணம் காசெட்டுக்கே சரியாகப் புரியவில்லை. ஆனாலும் பொறாமைப்படாமல் அதைப் பியர்சனுக்கு அனுப்பி வைத்தார். பிறகு ஃபிஷர்தான் 1925-ல் தன் பாடநூல் மூலம் இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோனார். ‘டி’ என்ற எழுத்தும் அந்தச் சமயத்தில்தான் நிலைத்தது.

பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஏழாம் பொருத்தம். இருவரோடும் கடைசி வரை நட்பாக இருந்த அபூர்வ ஆள் காசெட். ஃபிஷரோடு அவருக்குக் கருத்து வேறுபாடு இல்லாமல் இல்லை. வயல் சோதனையில் எதை எங்கே விதைப்பது என்பதைக் குலுக்கிப் போட்டே தீர்மானிக்க வேண்டும் என்பது ஃபிஷர் கட்சி. யோசித்துச் சமமாகப் பிரிப்பதே மேல் என்பது காசெட் கட்சி. கடைசி வரை இதில் இருவரும் ஒத்துப்போகவில்லை.

கணக்கு போக, தச்சு வேலை, படகு கட்டுவது, மீன் பிடிப்பது, பேரிக்காய் வளர்ப்பது என்று கைவேலையில் மூழ்கும் ஆள். 1934-ல் கார் விபத்தில் கால் முறிந்து படுத்தபோதும், கிடைத்த நேரத்தைக் கணக்குக்கே கொடுத்தார்.

இன்று ஒரு கசப்பான பீருக்கு எப்படி மார்க் போடுகிறார்கள்?

ஹாப்ஸ் தூக்கலான ஸ்ட்ராங் பீரை நீதிபதிகள் தரம் பார்ப்பதில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று கருவி. கசப்பை ‘ஐபியூ’ என்ற அலகில் அளக்கிறார்கள். டபுள் ஐபிஏ என்ற வகையில் அது பொதுவாக 60-க்கு மேல் போகும், ஆல்கஹாலும் ஏழரை சதவீதத்தைத் தாண்டும். இரண்டாவது நாக்கு. அமெரிக்காவில் உருவான, பல நாடுகளில் புழங்கும் ஒரு மதிப்பெண் முறையில் மொத்தம் 50 மார்க்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. கசப்பு எவ்வளவு அதிகம் என்பதற்கு மார்க் கிடையாது. அந்தக் கசப்பை மால்ட்டின் இனிப்பு தாங்குகிறதா, ஆல்கஹால் தொண்டையைச் சுடாமல் இருக்கிறதா என்பதற்குத்தான் மார்க்.

நாக்கை நம்பலாமா? அதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வித்தியாசமானது எது? குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். 12 பேர் ருசித்தால் 4 பேர் அதிர்ஷ்டத்திலேயே தேறலாம். எனவே குறைந்தது 8 பேர் சரியாகச் சொன்னால்தான் இரண்டு பீருக்கும் உண்மையில் வித்தியாசம் தெரிகிறது என்று ஏற்பார்கள். ஃபிஷர் இதே யோசனையைத் தேநீரில் செய்து காட்டியது பிரபலம். பாலை முதலில் ஊற்றியதா, டீயை முதலில் ஊற்றியதா என்று ருசியிலேயே சொல்வேன் என்ற ஒரு பெண் விஞ்ஞானிக்கு எட்டு கோப்பைகள். எட்டையும் தற்செயலாகச் சரியாகச் சொல்ல வாய்ப்பு 70-ல் ஒன்றுதான்.

1937 அக்டோபர்

1935-ல் லண்டனின் பார்க் ராயலில் கின்னஸ் கட்டிய புது ஆலையின் பொறுப்பை ஏற்க காசெட் இங்கிலாந்து திரும்பினார். 1937-ல் தலைமை ப்ரூவர் ஆனார். அந்தப் பதவியில் சில மாதங்கள்தான். 1937 அக்டோபர் 16 அன்று மாரடைப்பில் இறந்தார். வயது 61.

அதற்குச் சரியாக 15 நாள் முன்பு, அக்டோபர் 1 அன்று, நம்ம ஊரில் வேறொரு கதை தொடங்கியிருந்தது. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சங்கராபுரம் அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. சேலம் மாவட்டம் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம்.

அந்த மலையின் நிழலில் மது என்றாலே இன்று நினைவுக்கு வருவது 2024 ஜூன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. மணமும் ருசியும் சாதாரண ஆல்கஹாலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் கண்ணையும் உயிரையும் பறிக்கும். நேற்று குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரே ஒரு மாதிரியை வைத்து எடுத்த முடிவு. அடுத்த பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

உலகின் பெரிய பீர் ஆலை தன் மூக்கையும் நாக்கையும் மட்டும் நம்பாமல் ஒரு கணித மேதைக்குச் சம்பளம் கொடுத்ததன் காரணமும் இதுதான். ருசி ஏமாற்றும். ஒரு மாதிரி ஏமாற்றும். அளந்து, ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டால்தான் ஏமாறாமல் இருக்க முடியும்.

அடுத்த முறை டீக்கடை பெஞ்சில் விதை நெல் வாக்குவாதம் வந்தால், யார் ஜெயித்தார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு ஒன்று செய்யலாம். இந்தப் பட்டத்தில் நாலு பேர் சேர்ந்து, அவரவர் வயலைப் பாதிப் பாதியாக விதைத்துப் பார்க்கலாம். அறுவடை முடிந்ததும் மூட்டை எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். மிச்சத்தை அந்த ‘மாணவன்’ பார்த்துக்கொள்வார்.